சிரசுத் திருவிழாச் சோறும் ஒரு பெண்ணின் மனச்சாட்சியும்

குடியாத்தத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதத்தின் சாரத்தை, அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, முதலில் தருகிறேன்.

"எங்கள் சபையில் ஞாயிறு பள்ளியையும் இளம்பெண்களுக்கான வேதபாட வகுப்பையும் நடத்தி வருகிறேன். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா இந்து. என் தாயார் நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் எனக்குத் தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி வளர்த்தவர் அவர்தாம். ஒவ்வோர் ஆண்டும் வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவன்று, அம்மனுக்குப் படைத்த சோறும் கறிக்குழம்பும் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு வரும். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவளாக, ஜெபம் செய்துவிட்டு நானும் தயக்கமின்றி உண்பேன். இந்த ஆண்டு, என் வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து, நான் உண்பதைக் கண்டாள். அவள் ஞானஸ்நானம் பெற்று ஓராண்டுதான் ஆகிறது. வீட்டார் இன்னும் குலதெய்வத்தை வணங்குகிறவர்கள். படையலை அவள் தொடுவதில்லை என்பதால் வீட்டில் ஓயாத சண்டை. அவள் என்னைப் பற்றித் தாயிடம் சொல்லியிருக்கிறாள். 'உங்க டீச்சரம்மாவே துன்றாங்க, உனக்கு மட்டும் இன்னாடி வந்துச்சி?' என்று தாய் கேட்க, அவளும் உண்டிருக்கிறாள். அன்று முதல் அவளுக்குத் தூக்கமில்லை. திருவிருந்துக்கு முன்வராமல் கடைசி இருக்கையிலேயே உட்கார்ந்து அழுகிறாள். செய்தி சபைக் குழுவுக்கு எட்டிவிட்டது. எதிர்வீட்டோடு போக்குவரத்தை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஞாயிறு பள்ளியை விட்டு விலக வேண்டும் என்கிறார்கள். நான் செய்ததில் தவறு என்ன? மற்றவர்களுடைய மனச்சாட்சிக்கு நான் எத்தனை காலம் அடிமையாயிருப்பது? அன்புதான் அளவுகோல் என்றால், அது பெரியம்மாவிடம் காட்ட வேண்டிய அன்பா, அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டிய அன்பா?"

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

உணவைக் குறித்த உங்கள் அறிவில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. "போஜனமானது நம்மை தேவனுக்கு உகந்தவர்களாக்கமாட்டாது" என்று கிரேக்க நகரமான கொரிந்துவின் சபைக்கு எழுதிய அப்போஸ்தலர் பவுல், உண்பதால் மேன்மையும் இல்லை, உண்ணாதிருப்பதால் குறைவும் இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறார். ஆயினும் 1 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தின் எட்டாம் வசனம்வரை வந்த நீங்கள், ஒன்பதாம் வசனத்தின் வாசலில் நின்றுவிட்டீர்கள் என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கையில் எனக்குத் தோன்றுகிறது. நமக்குள்ள உரிமை பலவீனருக்குத் தடுக்கலாகிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது அந்த வசனம். கொரிந்துவில் அறிவுள்ளவர்கள் சொன்னதைப் பவுல் மறுக்கவில்லை. அவர்கள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்ட பிறகும், அந்தச் சரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விசுவாசி தன் நடையைத் தீர்மானித்துவிட முடியாது என்கிறார். "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்ற வாக்கியத்தை அவர் அதிகாரத்தின் முடிவுரையாக வைக்காமல் முதல் வசனத்திலேயே வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசத் தொடங்குகிறார்.

கொரிந்துவின் நிலை குடியாத்தத்தின் நிலைக்கு வெகு தூரமானதன்று. கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரால் மீண்டும் குடியேற்றப்பட்ட அந்த நகரத்தில் கோயில்கள் வழிபடும் இடங்களாக மட்டும் இருக்கவில்லை. உறவும் நட்பும் கூடி உண்ணும் இடங்களாகவும் இருந்தன. அங்கிருந்த, கிரேக்கரின் மருத்துவ தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோயிலை ஒட்டி விருந்து அறைகள் இருந்ததை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். பலியிட்ட இறைச்சி கடைக்கும் வந்தது, அண்டை வீட்டுப் பந்திக்கும் வந்தது. ஆகவே கி.பி. 50களின் நடுவில் எபேசுவிலிருந்து பவுல் இந்த நிருபத்தை எழுதியபோது, படையலை என்ன செய்வது என்ற கேள்வி அங்கிருந்த ஒவ்வொரு விசுவாசியின் அடுப்படியிலும் இருந்தது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்குங்கள், அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போய் உண்ணுங்கள், ஆனால் இது படைக்கப்பட்டது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் அவனிமித்தம் உண்ணாதிருங்கள் என்று பத்தாம் அதிகாரத்தில் அவர் பகுத்துச் சொல்கிறார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பிஸ்மில்லா சொல்லி அறுத்த ஆட்டிறைச்சியைக் கிறிஸ்தவர் வாங்கலாமா என்று கேட்டு எனக்குக் கடிதங்கள் வருவதுண்டு. அவர்களுக்கும் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். இந்தக் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை அளிப்பது அவள் நிலைதான். பெரியம்மா அனுப்பும் சோறு உங்களுக்கு அவருடைய கையையும் உங்கள் சிறு பிராயத்தையும் நினைவூட்டுகிறது. அதே சோறு அவளுக்கு நினைவூட்டுவது வேறு. குலதெய்வத்துக்குக் குறை வைத்தால் வீட்டுக்கு ஆகாது, அம்மை போடும், வாரிசு தங்காது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். அந்த அச்சத்திலிருந்து வெளியே வருவதற்காகவே அவள் கிறிஸ்துவிடம் வந்திருக்கவும் கூடும். "சிலர் இன்றையவரைக்கும் விக்கிரகத்தை ஒரு பொருளென்று எண்ணி" உண்கிறார்கள், அவர்களுடைய மனச்சாட்சி அசுசிப்படுகிறது என்று பவுல் எழுதியது இவளைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான். நீங்கள் உண்டபோது உங்கள் உள்ளத்தில் இருந்த ஜெபத்தையும், பல ஆண்டு வேதவாசிப்பால் பெற்ற தெளிவையும் அவள் காணவில்லை, காணவும் முடியாது. அவள் கண்டது உங்கள் கை இலைக்கும் வாய்க்கும் போய்வந்ததை மட்டுமே. முன்மாதிரியாக இருப்பவர்கள் எல்லோருக்கும் இருக்கும் இடர்ப்பாடு இதுதான், சகோதரி. நம்முடைய செயலை மற்றவர்கள் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் செயலுக்கு நம்மைக் கொண்டுவந்த நம்பிக்கையை அவர்களால் அப்படி எடுத்துக்கொள்ள முடிவதில்லை. நம்பிக்கையின்றிச் செயலை மட்டும் எடுத்துக்கொண்டவள், அதைச் செய்து முடித்த மறுகணமே தன் ஆண்டவருக்குத் துரோகம் செய்துவிட்டதாக நடுங்குகிறாள். சந்தேகத்தோடு உண்பவன் குற்றவாளியாகிறான் என்று ரோமர் பதினான்காம் அதிகாரம் சொல்வதும் உணவின் குற்றத்தை அன்று, இந்த நடுக்கத்தையே.

ஆகவே, நான் செய்ததில் தவறு என்ன என்று நீங்கள் கேட்பதற்கு என் விடை இது. அந்தப் பெண் உங்கள் வாழ்க்கையில் இல்லாதிருந்த ஆண்டுகளில் நீங்கள் உண்டதில் ஒரு தவறும் இல்லை. அவள் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்த நாள்முதல் கேள்வி மாறிவிட்டது. இது எனக்குத் தகுமா என்பதோடு, இதைப் பார்த்துப் பின்னால் வருகிறவளை இது எங்கே கொண்டு போய்விடும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியவராகிவிட்டீர்கள். போதிக்கிறவர்கள் தங்களுக்காக மட்டும் முடிவெடுக்கும் வசதியை இழந்தவர்கள். அவள் வீட்டின் நிலை தெரிந்திருந்தும் இதை நினைக்கத் தவறியது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கவனக்குறைவு என்று சொல்வேன். இனிமேல் படையலை உண்ணாதீர்கள். தனிமையில் உண்டால் யாருக்குத் தெரியும் என்று எண்ண வேண்டாம். அவளிடம் மறைக்க வேண்டிய ஒன்றை வைத்துக்கொண்டு அவளுக்கு வேதபாடம் நடத்த உங்களால் முடியாது.

இதை அடிமைத்தனம் என்கிறீர்கள். வேலூரில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைக் கேட்கும்போது இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் நினைவு எனக்கு வராமலிருக்காது. திண்டிவனத்தில் தம் பெற்றோரோடு இளம்பெண்ணாகத் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள், அவர்களில் ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்கு உதவ வரும்படி அவரை அழைத்ததும், மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்புவதாகச் சொன்னபோது அந்நிய ஆண் தங்கள் பெண்களைப் பார்க்கலாகாது என்று அவர்கள் மறுத்துத் திரும்பியதும், விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதும் நம் மாவட்டத்தில் பலரும் அறிந்த வரலாறு. அந்த வழக்கம் சரியானது என்று ஐடா ஒருபோதும் எண்ணியிருக்க முடியாது. உயிரைக் குடித்த வழக்கம் அது. அந்த மக்களைப் பழித்துவிட்டு, தாம் முன்பே திட்டமிட்டிருந்தபடி அமெரிக்காவில் தம் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் மருத்துவம் படித்து, அந்தப் பெண்களின் அறைக்குள் போகக்கூடிய மருத்துவராகத் திரும்பி வந்தார். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியையும் ஏற்படுத்தினார். பிறருடைய மனத்தடையை ஒப்புக்கொள்ளாமலேயே அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தம் வாழ்க்கையின் திசையை மாற்றிய அவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. ஆண்டில் சில நாள் ஓர் உணவை விட்டுவிடும்படி உங்களைக் கேட்பது அதைவிட மிகச் சிறியது. ஆனாலும் அது அதே வழியைச் சேர்ந்தது.

சபைக் குழுவினர் கேட்பது வேறு. அப்போஸ்தலர் பதினைந்தாம் அதிகாரத்தை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். யூதரல்லாத புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகள் விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றுக்கு விலகியிருக்க வேண்டும் என்று எருசலேமில் கூடியவர்கள் எழுதியனுப்பியது உண்மை, நம் சபைகள் பலவும் அதைக் கைக்கொள்கின்றன, அதை நான் மதிக்கிறேன். படையலை விடுங்கள் என்ற அளவில் அவர்கள் சொல்வதோடு நான் உடன்படுகிறேன். எதிர்வீட்டோடு போக்குவரத்தை நிறுத்துங்கள் என்பதற்கோ வேதத்தில் ஆதாரம் இல்லை. அழைத்தால் போய் உண்ணுங்கள் என்று எழுதியவர் அண்டை வீட்டாரோடு பந்தி இருந்துகொண்டிருந்த சபைக்குத்தான் எழுதினார். இடறி விழுகிறவர்களையும் மனம் கோணுகிறவர்களையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். நீங்கள் உண்டதைப் பார்த்து அந்தக் குழுவில் ஒருவரும் தம் மனச்சாட்சிக்கு விரோதமாக நாளை படையல் உண்ணப் போவதில்லை. அவர்களுக்கு வருத்தம் இருக்கலாம், கோபமும் இருக்கலாம். ஆனால் அவர்கள் விழவில்லை. அந்தியோகியா நகரில் இயேசுவின் சீடரான பேதுரு, புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகினார். பலவீனருக்காக என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன் என்று எழுதிய அதே பவுல், அந்த விலகலுக்காகப் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். அங்கே பேதுரு விட்டுக்கொடுத்தது அன்பினால் அன்று, அச்சத்தினால். அந்த விட்டுக்கொடுப்பில் அடிபட்டவர்கள் பந்தியில் தனியே விடப்பட்ட எளியவர்கள்.

நம் மண்ணில் இந்தப் பகுதியை இன்னும் கூர்மையாகப் படிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் கை நனைக்கமாட்டோம் என்ற ஒரு சொல்லால் தலைமுறை தலைமுறையாக மனிதர்களைத் தாழ்த்தி வைத்த ஊர்கள் நம்முடையவை. இங்கே ஒருவர் கொடுத்த உணவை மறுப்பது உணவோடு நிற்பதில்லை; கொடுத்தவரையே மறுத்ததாகத்தான் கொள்ளப்படும். பெரியம்மாவைக் குறித்து நீங்கள் படும் வேதனை நியாயமானது என்று நான் கருதுவதற்கும், அதைச் சிறியதாக எண்ணிக் கடந்துபோக உங்கள் சபையார் யாரையும் விடக்கூடாது என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

எனவே அவரிடம் எப்போது பேசுகிறீர்கள் என்பதே பெரிதும் முக்கியம். அவர் தூக்குவாளியோடு வாசலில் நிற்கும் நாளில் மறுக்காதீர்கள். ஆடி மாதம் வரப்போகிறது. கூழ் வார்க்கும் நாளுக்கு வெகு முன்பாகவே, ஒரு மாலையில், நீங்களே அவர் வீட்டுக்குப் போய், அவர் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வசனம் எதுவும் சொல்ல வேண்டாம். விக்கிரகம் என்ற சொல்லே உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். "பெரியம்மா, என்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணு இருக்கு, சாமிக்குப் படைச்சத நான் சாப்பிட்டதப் பார்த்து அது ரொம்பக் குழம்பிப் போச்சு, அதுக்காக இனிமே படைச்சது மட்டும் வேண்டாம்னு இருக்கேன், மத்த நாள்ல உங்க கையால எது குடுத்தாலும் சாப்பிடுவேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்காக விட்டுக்கொடுப்பது என்பது, தாயற்ற நேரத்தில் அண்டை வீட்டுப் பிள்ளையை வளர்த்தெடுத்த அந்த அம்மாவுக்கு விளங்காத செய்தியாக இராது என்று நம்புகிறேன். அப்படியே அவர் வருந்தினால் அந்த வருத்தத்தை எதிர்வாதம் செய்யாமல் தாங்கிக்கொள்ளுங்கள். சொன்னதோடு நின்றுவிடாமல், அடுத்த வாரமே அவரை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். திருவிழா நாளில் அவர் வீடு விருந்தினரால் நிறையும்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் ஓர் உணவை ஏற்றுக்கொள்வதால் தீர்ந்ததும் இல்லை, ஓர் உணவை விடுவதால் மறுக்கப்படுவதும் இல்லை.

பெரியம்மாவிடம் காட்டும் அன்பா, அந்தப் பெண்ணிடம் காட்டும் அன்பா என்று கேட்டீர்கள். இருவரையும் ஒரே அளவாக நேசிக்கலாம். ஆனால் இருவருக்கும் நேரக்கூடிய இழப்பு ஒரே அளவானதன்று. நீங்கள் படையலை மறுத்தால் பெரியம்மாவின் மனம் நோகும். அந்த நோவை நீங்கள் அருகிலிருந்து ஆற்ற முடியும். நீங்கள் தொடர்ந்து உண்டால் அந்தப் பெண் விசுவாசத்தையே இழந்துபோகலாம். "கிறிஸ்து அவனுக்காக மரித்தாரே" என்று பவுல் ரோமருக்கு எழுதும்போது இந்த எடையைத்தான் தராசில் வைக்கிறார். பிலிப்பியருக்காக அவர் செய்த ஜெபத்தில் அன்பு அறிவிலும் எல்லா உணர்விலும் பெருக வேண்டும் என்று கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எது எவ்வளவு வலிக்கும் என்று அறியாத அன்பு, நல்ல மனத்தோடேயே தீங்கு செய்துவிடக்கூடும்.

அந்தப் பெண்ணிடம் போகும்போது, அவள் பலவீனமுள்ளவள் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். படையலைத் தொடாதிருப்பதற்காகத் தன் வீட்டில் ஓராண்டு சண்டையைத் தாங்கியவள் அவள். அந்த விஷயத்தில் நீங்களும் நானும் செலுத்தாத விலையை அவள் செலுத்தியிருக்கிறாள். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். உணவுக்காக அன்று, அவளை எண்ணாமல் இருந்ததற்காக. பிறகு, பேதுரு தம்மை மும்முறை மறுதலித்த பின்பும் ஆண்டவர் அவனைத் தேடி வந்து மறுபடியும் பணியில் நிறுத்தினார் என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். அடுத்த திருவிருந்துக்கு முன்பாக அவளை ஆயரிடம் அழைத்துச் சென்று, அவர் வாயால் மன்னிப்பின் வார்த்தையை அவள் கேட்கும்படி செய்யுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் தூக்கமின்மையும் அழுகையும் நீங்காவிட்டால் அதை ஜெபக்குறைவு என்று யாரும் சொல்ல இடங்கொடாமல், வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆனால் அவளுடைய அச்சத்தை அப்படியே விட்டுவைப்பதும் அன்பாகாது. அவளுக்காக நீங்கள் உண்ணாதிருப்பது ஒரு பக்கம்; கெங்கையம்மனுக்கும் குலதெய்வத்துக்கும் இனி அஞ்ச வேண்டியதில்லை என்ற தெளிவுக்கு அவளை மெல்ல அழைத்து வருவது இன்னொரு பக்கம். அது ஆண்டுக்கணக்கில் ஆகலாம். நாளை அவளே, பெரியம்மா வீட்டில் டீ கூடக் குடிக்காதீர்கள், தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னால், அதற்கு இணங்காதீர்கள். அப்போது அவளை அன்போடு திருத்த வேண்டும். அவளுடைய தாயையும் மறந்துவிடாதீர்கள். மகள் படையலை ஒதுக்கும்போது அந்தத் தாயின் காதில் விழுவது, இனி நீ எனக்குத் தாயில்லை என்ற சொல். மற்ற நாள்களில் அம்மாவோடு அடுப்படியில் நின்று சமைக்கவும், அவர் ஆக்கியதைப் பாராட்டி உண்ணவும், நோய்நொடியில் முதல் ஆளாக நிற்கவும் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒருநாள் நீங்களே அவள் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பாருங்கள். உங்கள் மகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க நான் வரவில்லை என்பதை அவர் உங்கள் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ளட்டும்.

ஞாயிறு பள்ளியை விட்டு விலக வேண்டாம். இப்போது விலகினால், டீச்சர் செய்தது மன்னிக்க முடியாத பாவம், அதையே செய்த எனக்கும் மன்னிப்பில்லை என்றுதான் அந்தப் பெண் புரிந்துகொள்வாள். குழுவினர் அழைத்தால் ஆயரையும் உடன் வைத்துக்கொண்டு போய், படையலை விட்டுவிட்டதாகவும், அதற்குக் காரணம் அந்தப் பிள்ளை என்றும், பெரியம்மா வீட்டுக்குப் போவதை நிறுத்தப் போவதில்லை என்றும் மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். அவர்கள் எடுக்கும் முடிவு எதுவாயினும், அதை அறிந்த அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். வேறு யார் மூலமும் அது அவளுக்கு எட்ட வேண்டாம்.